வயது வந்த பின் தாடை அறுவை சிகிச்சையும் பல் சீரமைப்பும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தூண் ஓரமாக நின்று தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. அண்மையில் தாம்பரத்தில் ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்டது இது: "ஹஜ்ரத், மகளுக்கு இருபத்து நாலு வயசு. மேல்தாடை முன்னால தள்ளி இருக்கு. கிளிப் மட்டும் போட்டா சரியாகாது, தாடை ஆபரேஷனும் பண்ணணும்னு டாக்டர் சொல்றாங்க. அல்லாஹ் படைச்ச முகத்துல கை வைக்கலாமா?"

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது மார்க்கத்தில் கூடுமா? உண்மையிலேயே தேவைதானா? ஒன்றரை, இரண்டு வருடச் சிகிச்சையைக் குடும்பம் எப்படித் தாங்குவது? மூன்றுக்கும் பதில் ஓரிடத்தில் இருந்தால் பலருக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறோம். நாம் மருத்துவர் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞருடன் இந்தச் சிகிச்சையின்போது கூடவே நின்று பார்த்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பல்லா, தாடையா?

பல் வரிசை கோணலாக இருப்பது வேறு. பல்லைத் தாங்கும் எலும்பே இடம் மாறி இருப்பது வேறு. முதலாவதற்குக் கிளிப் போதும். இரண்டாவதில், கிளிப் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் எலும்பு இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

தாடைக் கோளாறுகளில் பொதுவாகக் காணப்படுபவை இவை. மேல்தாடை முன்தள்ளி, உதடு மூடாமல் இருப்பது. கீழ்த்தாடை பின்தங்கி, முகவாய் உள்வாங்கி இருப்பது. கீழ்த்தாடை முன்தள்ளி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்பது. கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே நிற்பது. முகவாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது. பிளவுபட்ட உதடு, அண்ணத்துடன் பிறந்து சிறு வயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மேல்தாடை போதுமான அளவு வளராமல் போவதும் உண்டு.

இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கீழ்த்தாடை முன்தள்ளி இருந்ததை அவர்களின் ஓவியங்களிலேயே காணலாம். எனவே "பாட்டியாருக்கும் இப்படித்தான்" என்று நம் வீடுகளில் சொல்வது பல நேரங்களில் உண்மைதான். அறுவை சிகிச்சை அவருடைய எலும்பை மட்டுமே மாற்றும். பிள்ளைகளுக்குப் போகும் மரபை மாற்றாது.

அழகு மட்டும்தானா காரணம்?

இல்லை. முன்பற்கள் சேராதவர் ஒரு வடையைக்கூட முன்பல்லால் கடித்துத் துண்டாக்க முடியாது. பக்கவாட்டில் வைத்துப் பிய்ப்பார். பற்கள் சரியாகப் பொருந்தாததால் சில பற்கள் மட்டும் தேய்ந்து போகும். உதடு மூடாததால் வாய் உலர்ந்து ஈறு கெடும். கீழ்த்தாடை மிகவும் பின்தங்கியவர்களுக்கு நாக்கும் பின்னே சரிந்து, தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபட்டு, பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும் வரலாம். இரவெல்லாம் தூங்கியும் பகலில் கண்ணைச் சுழற்றுகிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாடையை முன்னே நகர்த்தும்போது மூச்சுப்பாதையும் விரிவதால், தூக்கத்தில் மூச்சு நின்று போகும் நோய்க்கே இதைச் சிகிச்சையாகச் செய்வதும் உண்டு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன இளைஞர் சிறுவனாக நம்மிடம் மக்தபில் ஓதியவர். 'ஃபா' எழுத்துக்கு மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட வேண்டும். மூன்று புள்ளி 'ஸா'வுக்கு நாக்கு நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொட வேண்டும். அவருக்குக் கீழ்த்தாடை முன்தள்ளி இருந்ததால் இரண்டுமே இடம் தவறின. கவனமில்லாமல் ஓதுவதாக நினைத்து, மற்ற பிள்ளைகள் முன்னால் திரும்பத் திரும்ப ஓத வைத்தோம், கடிந்தும் கொண்டோம். எலும்பு அனுமதிக்காததை நாக்கிடம் கேட்டிருக்கிறோம் என்பது பதினைந்து வருடம் கழித்து அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். மக்தப் நடத்தும் உஸ்தாதுமார்கள், ஒரு பிள்ளைக்குக் குறிப்பிட்ட சில எழுத்துகள் மட்டும் விடாமல் தவறினால், பெற்றோரிடம் சொல்லி ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மார்க்கத்தின் நிலை

இதில் மக்களுக்கு எழும் அச்சம் நியாயமானதே. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஷைத்தானின் தூண்டுதல்களில் ஒன்று என்று அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆவது வசனம் எச்சரிக்கிறது. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்ளும் பெண்கள் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

ஆனால் அதே ஹதீஸில் 'அழகுக்காக' என்ற நிபந்தனை இருப்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சுட்டிக்காட்டி, சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று விளக்குகிறார்கள். மேலும், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு செய்து பொருத்தினார்கள். அது துர்வாடை அடித்தபோது, தங்கத்தால் செய்து கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடையாக இருந்தும் முகத்தின் குறையைச் சரிசெய்ய அனுமதி தரப்பட்டது. இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகிய நூல்களில் இடம்பெறுகிறது.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோது அழகு அறுவை சிகிச்சை பற்றித் தீர்மானம் இயற்றியது. பிறவிக் குறையோ, பின்னர் ஏற்பட்ட குறையோ, உடலுக்கோ மனதுக்கோ குறிப்பிடத்தக்க துன்பம் தருமானால் அதைச் சரிசெய்வது கூடும். குறை ஏதுமின்றி, மனம்போன போக்கில் அல்லது பிறரைப் போலத் தோன்றுவதற்காக உருவை மாற்றுவது கூடாது என்பது அதன் சாரம்.

ஆகவே மெல்லவும் பேசவும் மூச்சுவிடவும் இடையூறான தாடையையோ, பார்ப்பவர் கண்ணில் படும் அளவு மாறுபட்ட முகத்தையோ சரிசெய்வது சிகிச்சையாகும். நல்ல நிலையில் உள்ள தாடையை நடிகர் ஒருவரின் தாடையைப் போல வெட்டிக்கொள்வது அப்படியல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், எக்ஸ்ரேயும் மருத்துவரின் எழுத்துமூலக் கருத்தும் கையில் வைத்துக்கொண்டு, தாம் நம்பும் ஆலிமிடம் நேரில் கேட்டு முடிவெடுப்பதே சரி.

நம் முன்னோரின் பங்கு

இந்தத் துறை நமக்கு அந்நியமானதல்ல. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாவது பகுதியை முழுக்க அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். வரிசை தப்பி முளைத்த பற்களைச் சீர்செய்வது, ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டி நிறுத்துவது, உடைந்த தாடையைச் சேர்ப்பது ஆகியவை, கருவிகளின் படங்களோடு அதில் உள்ளன. அந்த நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

இன்றைய தாடை அறுவைக்கு அடித்தளம் பின்னர் போடப்பட்டது. 1849இல் அமெரிக்காவில் சைமன் ஹல்லிஹென், தீக்காயத்தால் தாடை உருமாறிய ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடையை வெட்டிச் சீர்செய்தார். 1901இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட், முக எலும்பு எந்தெந்தக் கோடுகளில் உடைகிறது என்று ஆராய்ந்து எழுதினார். மேல்தாடையை நகர்த்தும் அறுவைக்கு இன்றும் 'லெ ஃபோர்ட் ஒன்று' என்றே பெயர். கீழ்த்தாடை எலும்பை இரு பக்கமும் நெடுவாக்கில் பிளந்து நகர்த்தும் முறையை 1950களில் வகுத்தவர் ஹூகோ ஓப்வெகேசர். பிளந்த இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பரவி நிற்பதால் எலும்பு எளிதில் கூடுகிறது. இன்று தாம்பரம் பக்கத்து மருத்துவமனையில் செய்யப்படுவதும் பெரும்பாலும் இதே முறைதான்.

எந்த வயதில்?

தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பத்து முதல் பதினான்கு வயதுக்குள் கோளாறைக் கண்டுபிடித்தால், சிலருக்கு வளர்ச்சியைத் திசைதிருப்பும் கருவிகளாலேயே பெருமளவு சரிசெய்யலாம். அந்தப் பருவம் போய்விட்டால், வளர்ச்சி முற்றிலும் நிற்கும் வரை அறுவைக்குக் காத்திருக்க வேண்டும். பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வயதளவிலும், ஆண்களுக்கு அதைவிட இரண்டு மூன்று வருடம் தாமதமாகவும் வளர்ச்சி நிற்கிறது. கீழ்த்தாடை முன்தள்ளியவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அவசரப்பட்டு முன்பே செய்தால், தாடை மீண்டும் வளர்ந்து சிகிச்சை வீணாகும்.

மேல் வரம்பு என்று வயது இல்லை. ஈறும் எலும்பும் உடல்நலமும் ஒத்துழைத்தால் முப்பதிலும் நாற்பதிலும் செய்துகொள்கிறார்கள். "இந்த வயசுல கிளிப்பா?" என்ற கேலிக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

குறை சிறிதாக இருந்தால் மருத்துவர் வேறொரு வழியும் சொல்லலாம். முன்கடைவாய்ப் பற்கள் சிலவற்றை எடுத்து, கிடைத்த இடத்தில் முன்பற்களைப் பின்னே இழுத்து, எலும்பின் குறை வெளியே தெரியாமல் சமாளிப்பது. இது அறுவையைத் தவிர்க்கும். ஆனால் பெரிய குறைக்குப் பொருந்தாது. மேலும், எடுத்த பல் திரும்ப வராது. நம் இளைஞருக்கு முதலில் ஒரு சிறிய கிளினிக்கில், ஆறே மாதத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லி இரண்டு பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். பின்னர் முறையான நிபுணரிடம் போனபோது, அந்தப் பற்கள் இருந்திருக்க வேண்டும் என்றார். இழந்த இடத்தைத் திரும்ப உண்டாக்கவே கூடுதலாக மாதங்கள் ஆயின. எனவே பல் பிடுங்கும் முன் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

சிகிச்சையின் படிகள்

முதலில் இருவர் சேர்ந்து திட்டமிட வேண்டும்: பல் சீரமைப்பு நிபுணர், முகத்தாடை அறுவை நிபுணர். முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன், பல் அச்சு, புகைப்படங்கள் எடுக்கப்படும்.

அடுத்தது அறுவைக்கு முந்தைய கிளிப். பொதுவாக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை. இந்தக் கட்டத்தில் குடும்பங்கள் கலங்கிப் போவதைப் பார்த்திருக்கிறோம். ஏனென்றால், முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். தாடைக் குறையை ஈடுகட்டப் பற்கள் வருடக்கணக்கில் தாமாகவே சாய்ந்திருக்கும். அவற்றை முதலில் நிமிர்த்தினால்தான் எலும்பை நகர்த்தும்போது பற்கள் சரியாகப் பொருந்தும். நிமிர்த்தும்போது மறைந்திருந்த குறை முழுதாக வெளியே வரும். இது தவறு நடந்ததன் அடையாளம் அல்ல. பாதியில் நிறுத்திவிடாதீர்கள். தகுந்த சிலருக்கு முதலில் அறுவை, பிறகு கிளிப் என்ற முறையும் இப்போது இருக்கிறது.

கீழ்த்தாடையில் புதைந்த ஞானப்பல் இருந்தால், பெரும்பாலும் அறுவைக்கு ஆறு மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்வார்கள்.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கும். வெட்டு பெரும்பாலும் வாய்க்குள்ளேயே என்பதால் முகத்தில் தழும்பு தெரியாது. எலும்பை வெட்டி, திட்டமிட்ட இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியத் தகடுகளாலும் திருகுகளாலும் பொருத்துவார்கள். ஒரு தாடையா இரண்டா என்பதைப் பொறுத்து இரண்டு மணி முதல் ஐந்து மணி நேரம் வரை ஆகலாம். தகடுகளை எடுக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. எலும்பில் நிரப்பு தேவைப்பட்டால் பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுப்பார்கள். கடையில் வாங்கும் நிரப்பிகள், சவ்வுகளில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டவையும் உண்டு; எனவே மாற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பது நம் கடமை. கேட்டால் மருத்துவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

அதன்பின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கிளிப் தொடரும். கிளிப் கழற்றிய பிறகு ரிட்டெய்னர் போட வேண்டும். இதைச் சோம்பலால் விட்டவர்களுக்குப் பற்கள் பழைய இடத்தைத் தேடிப் போகும்.

அறுவைக்குப் பிந்தைய நாட்கள்

இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் தெரிவது தன் முகமே அல்ல என்று தோன்றும். முதல் வாரம் மனம் சோர்ந்து, "ஏன் செய்துகொண்டோம்" என்று அழுபவர்களும் உண்டு. மூன்று நான்கு வாரங்களில் பெரும்பகுதி வடிந்துவிடும்; முகம் முழுதாகப் படிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இயாதத்துக்கு வருபவர்கள் இதை அறிந்து வர வேண்டும். முகத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், பேச வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் துஆ செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு தாடைகளையும் ரப்பர் பேண்டுகளால் இணைத்து வைப்பார்கள். சிலருக்குக் கம்பியால் கட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் வாந்தி வரும் நேரத்தில் உடனே வெட்டக் கத்தரியோ கம்பி வெட்டியோ தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். எதை எப்படி வெட்டுவது என்று வீட்டில் இருவராவது மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டு வர வேண்டும்.

உணவு முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டுமே. பிறகு எலும்பு கூடும் வரை, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரம், மெல்லத் தேவையில்லாத உணவு. வடிகட்டிய நோன்புக் கஞ்சி, ராகிக் கூழ், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ஆட்டுக்கால் சூப், பால், மோர், இளநீர் என்று நம் வீடுகளில் எல்லாமே இருக்கின்றன. அளவு குறைவாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள்; சிரிஞ்சு அல்லது மூக்குள்ள குவளை நல்லது. உடல் எடை சில கிலோ குறையும், பிறகு ஏறும்.

அபாயங்களையும் மறைக்கக் கூடாது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் அங்கே மரத்துப் போவது மிகப் பலருக்கு ஏற்படும். மாதக்கணக்கில் திரும்பிவிடும், சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். கிருமித்தொற்று, இரத்தப்போக்கு, எலும்பு ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்புவது, மேல்தாடை அறுவையில் மூக்கின் அடி சற்று அகல்வது ஆகியவையும் உண்டு. புகையும் வெற்றிலைப் புகையிலையும் எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

2024 பிப்ரவரியில் ஐதராபாத்தில், திருமணம் நெருங்கிய நிலையில் புன்னகையை அழகாக்கும் பல் சிகிச்சைக்குப் போன 28 வயது இளைஞர் ஒருவர் இறந்த செய்தி நாளிதழ்களில் வந்தது. மயக்க மருந்து அதிகமானதே காரணம் என்று தந்தை குற்றம் சாட்டினார். அது தாடை அறுவை அல்ல. ஆனாலும் மயக்கம் தரும் எந்தச் சிகிச்சையும் அதற்கான மருத்துவரும் அவசர வசதியும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பதை அது நினைவூட்டுகிறது. இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை எதையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வணக்க வழிபாடுகள்

உளூ, குளிப்பு: ஷாஃபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது உளூவிலும் கடமையான குளிப்பிலும் சுன்னத். ஹனஃபி மத்ஹபில் உளூவில் சுன்னத், கடமையான குளிப்பில் ஃபர்ளு. நாமே கழற்ற முடியாத கிளிப்பின் அடியில் தண்ணீர் சேராவிட்டால் குளிப்புக்குக் குறையில்லை என்பதே உலமாக்கள் தரும் பதில். கழற்றி மாட்டும் அலைனர், ரிட்டெய்னரை ஹனஃபிகள் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். அறுவைக்குப் பின் வாயில் இரத்தம் கசியும் நாட்களில், ஹனஃபிகளுக்கு எச்சிலில் இரத்தம் மிகைத்தால் உளூ முறியும். ஷாஃபிஈகளுக்கு உளூ முறியாது, ஆனால் விழுங்காமல் துப்பிச் சுத்தம் செய்ய வேண்டும்.

தொழுகை: முதல் சில நாட்கள் தலையை உயர்த்தியே வைக்கச் சொல்வார்கள். குனிந்தால் வீக்கமும் இரத்தக்கசிவும் கூடும். அந்த நாட்களில் உட்கார்ந்து, ருகூவைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகத் தலையைத் தாழ்த்திச் சைகையால் தொழலாம். வாய் கட்டப்பட்ட நிலையில் இயன்ற அளவு ஓதினால் போதும். மயக்கத்தில் தவறிய தொழுகைகளை நினைவு திரும்பியதும் களாச் செய்துவிட வேண்டும்.

நோன்பு: கிளிப் நோன்பை முறிக்காது. பற்களில் சிக்கிய உணவை ஸஹருக்குப் பின் நன்றாகத் துலக்கி நீக்கிவிட வேண்டும். கடலையளவுக்குக் குறைவாகச் சிக்கியிருந்ததை விழுங்கினால் ஹனஃபிகளிடம் நோன்பு முறியாது. ஷாஃபிஈகளிடம், பிரித்துத் துப்ப முடிந்தும் வேண்டுமென்றே விழுங்கினால் முறியும். இஃப்தாரில் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிச் சிறு துண்டாக்கி உண்ணுங்கள். முழுதாகக் கடித்தால் கிளிப் பெயரும். அறுவை முடிந்த நீராகார நாட்களில் ரமளான் வந்தால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்று, பிறகு களாச் செய்ய வேண்டும். முடிந்தால் ரமளானுக்கு இரண்டு மூன்று மாதம் முன்போ, பெருநாளுக்குப் பின்போ தேதி கேளுங்கள்.

மிஸ்வாக்: நார் கிளிப்பில் சிக்காமல் மெதுவாகப் பயன்படுத்தலாம். ஆனால் கிளிப் உள்ளவருக்கு மென்மையான பிரஷ்ஷும், இடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷும் கட்டாயம்.

பெண்கள்: இப்பகுதியில் பெண் பல் சீரமைப்பு நிபுணர்கள் பலர் உள்ளனர், தேடினால் கிடைப்பார்கள். அறுவை நிபுணர் ஆணாக இருந்தால், தேவையின் அளவுக்கு அது அனுமதிக்கப்பட்டதே. ஆலோசனையின்போது மஹ்ரம் உடனிருப்பது நல்லது.

நம் பகுதியில் எங்கே?

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கப்பட்டது. தாம்பரத்தில் கடற்கரை மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கோட்டையில் இறங்கிவிடலாம். பல் சீரமைப்பு, முகத்தாடை அறுவை இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ளன. செலவு மிகக் குறைவு. பொறுமைதான் அதிகம் தேவை.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் நம் பகுதியைச் சுற்றியே உள்ளன: பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, வண்டலூர் அருகே ரத்தினமங்கலத்தில் தாகூர், பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, உத்தண்டியில் ராகாஸ். கல்லூரி மருத்துவமனைகளில் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் பொதுவாகக் குறையும். இது பரிந்துரைப் பட்டியல் அல்ல. அருகில் இருப்பவற்றைச் சொல்கிறோம், விசாரித்து முடிவெடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்கள் சிகிச்சை பட்டியலில் வருகிறதா என்று அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள். தனியார் காப்பீட்டில் அழகு சிகிச்சைக்குப் பணம் தர மாட்டார்கள். மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையின் பகுதி என்றால் நிலை வேறு. எனவே மெல்லுதல், மூச்சு, பேச்சு ஆகியவற்றில் உள்ள இடையூறை மருத்துவர் தெளிவாக எழுதித் தந்த கடிதத்துடன் முன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

வட்டிக் கடன் வாங்கி அவசரப்பட வேண்டாம். சிகிச்சை நீண்டது என்பதால் கட்டணமும் தவணைகளாகவே பிரியும். இயலாத ஏழைக்குத் தேவையான சிகிச்சை என்றால் ஜகாத்திலிருந்து உதவலாம். ஜமாஅத் பைத்துல்மால்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எம்.டி.எஸ். முடித்த நிபுணர்தானா, எந்தத் துறையில்? பல் பிடுங்க வேண்டுமா, ஏன்? அறுவை இல்லாத வழி எனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன்? மொத்தம் எத்தனை மாதம்? கிளிப், ஸ்கேன், அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், தகடு, அறை, ரிட்டெய்னர் என்று தனித்தனியாக எழுதிய செலவுக் கணக்குக் கிடைக்குமா? தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளதா? எனக்குரிய அபாயங்கள் என்ன? பதில் சொல்ல நேரமில்லை என்பவரிடம் இரண்டு வருடச் சிகிச்சையை ஒப்படைக்காதீர்கள்.

நிக்காஹ் என்ற நெருக்கடி

கடைசியாக ஒன்று. நம்மிடம் வரும் பெற்றோரில் பலர், "மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போனார்கள், பல்லைச் சொன்னார்கள்" என்றுதான் தொடங்குகிறார்கள். நிக்காஹ் தேதியைக் குறித்துவிட்டு, அதற்குள் அறுவையை முடித்துத் தரச் சொல்வதும் நடக்கிறது. இது எலும்பு, நம் நாள்காட்டிக்குக் கட்டுப்படாது. சிகிச்சையின் நடுவில் தேதி குறிக்காதீர்கள். வரன் பேசும்போது சிகிச்சை நடப்பதை ஒளிக்கவும் வேண்டாம். அதை ஒரு குறையாகப் பார்க்கும் வீடு எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முடிவெடுக்க வேண்டியவர் அந்த மகள், அந்த மகன். வலியும் மரப்பும் அவர்களுக்கே. அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். வேண்டும் என்றால் "அல்லாஹ் தந்ததை ஏற்றுக்கொள்" என்று வாயை அடைக்காதீர்கள். நோயைத் தந்தவன்தான் மருந்தையும் இறக்கியிருக்கிறான்.

முதலில் சொன்ன தகப்பனாரிடம், மார்க்கம் தடுக்கவில்லை என்று சொன்னோம். பிறகு, "மகள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவகிட்ட இன்னும் கேட்கலை ஹஜ்ரத்" என்றார். அடுத்த ஜும்ஆவுக்கு வந்தபோது, மகளை அழைத்துக்கொண்டு இன்னொரு நிபுணரிடமும் கருத்துக் கேட்கப் போவதாகச் சொன்னார்.

அந்த இளைஞரின் கிளிப் இப்போது கழற்றப்பட்டுவிட்டது. கீழுதட்டின் ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் மரப்பு இருப்பதாகச் சொல்கிறார். போன ரமளானில் நம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜுஸ்வு ஓதிக் காட்டினார். 'ஃபா' அதன் இடத்தில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.